தென்றல் யார் வீட்டுக்கு வருகிறது?

தமிழ்க் கவிதையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி இது. ஆனால் அந்தக் காற்று எந்தத் தெரு வழியாக வந்தது, எதைச் சுமந்து வந்தது என்று நம் புலவர் மரபு பெரும்பாலும் கேட்டதில்லை. கேட்கிற அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

'காத்து எல்லாருக்கும் பொதுதானே, அதுல என்னய்யா சாதி?' என்று கேட்கிற முற்போக்காளர்கள் இன்றும் உண்டு. குடியிருப்பை எங்கே ஒதுக்குவது, குப்பையை எங்கே கொட்டுவது என்று முடிவெடுக்கிற இடத்திலேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. சண்டாளனை ஊருக்கு வெளியே வை என்றான் மனு. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கோயில் கல்வெட்டு, வரி நீக்கிய நிலங்களை அடுக்கும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் சொல்கிறது. அதே பட்டியலில் சுடுகாடும் வருகிறது. நம்ம சனங்க குடியிருந்த இடமும் பிணம் எரிகிற இடமும் ஊர்நத்தத்துக்குப் புறத்தே ஒரே கணக்கில் வந்துவிட்டன.

2017இல் வெளிவந்த 'சென்னைப் பொறம்போக்குப் பாடலை' இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடியது. வசவாகிப்போன ஒரு சொல்லைச் சென்னைத் தமிழோடேயே கர்நாடக இசைக்குள் கொண்டுபோய், எண்ணூர்க் கழிமுகம் நாசமானதைச் சொன்னது. சபாக்காரர்களின் சுத்தத்தைக் கொஞ்சம் அழுக்காக்கியது. அந்த மட்டில் சந்தோஷம்தான்.

ஆனால் 'பொது' என்ற கருத்தோடு நமக்குத் தகராறு இருக்கிறது. மகத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை எல்லாருக்கும் பொது என்று தீர்மானித்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க 1927இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிப் போக வேண்டியிருந்தது. பொதுவுக்குள்ளேயே விடப்படாதவர்களிடம் வந்து 'நம்ம பொதுச்சொத்து போச்சே' என்றால் எப்படி? பொதுக்குளம் நமக்கில்லை, பொதுக்குப்பை மட்டும் நம் வாசலில். இந்தக் கணக்கைப் பாடல் தொடவில்லை.

கணக்கைப் பார்ப்போம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் மிக மோசமாக மாசடைந்த பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி அதில் இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது 2011இல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. நின்ற கரி எண்ணூருக்குப் போனது. வல்லூரில் மட்டும் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம். மின்சாரம் ஊர் முழுக்க, சாம்பல் மட்டும் அங்கேயே. 2023 டிசம்பரில் நடுராத்திரி அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து சனங்க மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடினாங்க. நகரத்துக் குப்பை கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போனது. குடிசைகளைப் பிடுங்கி நம்மவர்களைக் கொண்டுபோய் இறக்கிய கண்ணகி நகர், பெருங்குடிக் குப்பைமேட்டுக்குத் தூரமில்லை. 2022 ஏப்ரலில் அந்த மேடு நாள்கணக்கில் எரிந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒரு வசை: 'அந்த ஏரியாவே நாறும்.' நாத்தத்தைக் கொண்டுவந்து கொட்டினவன் ஒருத்தன், நாறுகிறவன் என்று பெயர் வாங்கினவன் இன்னொருத்தன். குப்பை அள்ளுகிற வேலையும் அவன் தலையில்தான். தீண்டாமை இங்கே மூக்கு வழியாக வேலை செய்கிறது.

'கருக்கு' (1992), 'கோவேறு கழுதைகள்' (1994) வந்தபோது நம் வாழ்வின் வியர்வையும் வாடையும் தமிழ் உரைநடைக்குள் வந்தன. கொச்சை என்று முகம் சுளித்தவர்களைத் தாண்டித்தான் அவை நின்றன. இனி நம் எழுத்து நுரையீரலுக்குள்ளும் போக வேண்டும். இருமல் எந்த வருஷம் வந்தது, எந்தப் புகைபோக்கி வந்தபிறகு வந்தது, அதை அங்கே கொண்டுவர யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். மூச்சிரைக்கிற கிழவி தன் வாயால் சொல்வதை அவள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். தென்றலைப் பாடுகிறவர்கள் பாடட்டும். அது யார் வீட்டைத் தாண்டி வருகிறது என்று நாம் சொல்லியாக வேண்டும்.