மா. கிருஷ்ணன்: கறுப்பு வெள்ளையில் பதிந்த காடு

மா. கிருஷ்ணன் (30 ஜூன் 1912 – 18 பிப்ரவரி 1996) இயற்கையியலாளர், எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். தமிழ் மாணவர்கள் தந்தையை அறிந்த அளவுக்கு மகனை அறியவில்லை.

வாழ்க்கை

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். 1942 முதல் சில ஆண்டுகள் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். பின்னர் சென்னை திரும்பி, மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை) வாழ்ந்தார். 1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். கடைசிப் பத்தி அவர் மறைந்த நாளன்று வெளிவந்தது. 1968இல் நேரு ஆய்வுநல்கை பெற்று, தென்னிந்தியா உள்ளிட்ட தீபகற்பப் பகுதியின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஒளிப்பட முறை

வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தாமே ஒரு கருவியை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். முதுமலை போன்ற காடுகளில் நடந்தும், பழகிய யானை மீது அமர்ந்தும் படமெடுத்தார். வண்ணச்சுருள் பரவலான பிறகும் கறுப்பு வெள்ளையையே கைக்கொண்டார்.

மதிப்பீடு

இத்தெரிவின் பலனை அவருடைய யானைப் படங்களில் காணலாம். தோலின் சுருக்கம், காதோரக் கிழிசல், தந்தத்தின் வளைவு ஆகியவை தெளிவாகத் தெரிவதால், 'ஒரு யானை' என்றில்லாமல் 'இந்த யானை' என்று அடையாளம் காண முடிகிறது. விலங்கைச் சூழலிலிருந்து பிரித்து அழகுபடுத்தாமல், புதரும் நிழலும் சேர்ந்தே பதிவாகின்றன. ஆகவே அவை அக்காலக் காட்டின் சான்றுகளும் ஆகின்றன.

குறையும் உண்டு. பறவைகளை இனம் காண நிறம் பெரிதும் உதவும். பச்சைப் பஞ்சுருட்டானைச் சாம்பல் நிறத்தில் பார்த்தால் பாதிப் பறவைதான் கிடைக்கும். அந்த மீதிப் பாதியை அவருடைய எழுத்து தருகிறது. படத்தையும் பத்தியையும் சேர்த்துப் படிப்பதே அவரை அறியும் வழி.

அவருடைய ஒளிப்படங்களின் பெருந்தொகுப்பு, மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2006இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்துள்ளார். மாணவர்கள் அந்நூலிலிருந்து தொடங்கலாம். பளிச்சென்ற வண்ணமே நல்ல படம் என்று கருதும் இன்றைய கண்ணுக்கு, உற்றுநோக்குதலே முதல் தகுதி என்பதைக் கிருஷ்ணன் கற்பிக்கிறார்.