பதில் இல்லாத சியாத்திஸ்தா

சைப்ரஸின் சியாத்திஸ்தாவைப் பள்ளியில் கற்றுத்தருவது பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, வயலின், லாவுத்தோ இசைக்கு நடுவே, இயைபு வைத்த ஈரடிகளை அந்தக் கணமே கட்டி ஒருவரையொருவர் மடக்கும் பாட்டு இது. அடிக்கு 15 அசை (நம்ம யாப்பு அசை இல்லீங்க, வெறும் சிலபிள்). லார்னகாவில் கதக்ளிஸ்மோஸ் திருவிழாவில் போட்டியே நடக்கும். 2011ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

பழைய ஈரடிகளை மனப்பாடம் செய்யவைத்து ஆண்டுவிழாவில் பாடவிட்டால் அது சியாத்திஸ்தா ஆகாது என்பது என் கட்சி. மெட்டு ஏற்கெனவே இருப்பதுதான். புதுசா வரவேண்டியது பதில் மட்டும். ரெக்கார்டு பண்ணின டெமோவைக் காட்டி 'சாஃப்ட்வேர் ஓடுது' என்று சொல்வது மாதிரிதான் இது.

இன்னொரு சிக்கல் மொழி. பாட்டு சைப்ரஸ் வட்டார வழக்கில். பாடமொழியோ பொதுக் கிரேக்கம். ஒரு பையன் சூடாகப் பதில் வீசும்போது டீச்சர் சொல்லைத் திருத்தினால் அவன் அடுத்த அடிக்கு வாயே திறக்கமாட்டான். அதோடு, இதில் கேலியும் வசையும் உண்டு. பாடத்திட்டம் அதை எப்படித் தாங்கும்?

நானாக இருந்தால் முதல் வகுப்பிலேயே டீச்சரைக் கிண்டல் பண்ணி ஓர் ஈரடி கேட்பேன். அசை கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. டீச்சரும் பாட்டிலேயே பதில் சொல்லணும்.