குளோரியாவுக்கு மூன்று பேர், நமக்கு ஒருவர்

தெரபி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ‘சந்திரமுகி’ (2005) சரவணன்தான். அமெரிக்காவிலிருந்து வந்து இறங்குகிற மனநல மருத்துவர். நோய் யாருக்கு என்று அவரே கண்டுபிடிக்கிறார், அவரே திட்டம் போடுகிறார், அவரே குணப்படுத்துகிறார். கங்கா ஒரு தடவைகூட அவர் எதிரே உட்கார்ந்து ‘எனக்கு இப்படி இருக்கு, என்ன பண்ணலாம்?’ என்று கேட்பதில்லை. படமா பார்த்தால் கைதட்டலாம். ஆனால் தெரபி ஆரம்பிக்கப் போகிற ஒருத்தர் இதே எதிர்பார்ப்போடு போனால் சிக்கல். முதல் நாளே எதிரில் இருப்பவர் எதையும் கண்டுபிடிக்கவில்லையே என்று ஏமாந்து, ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ன்னு திரும்பிவிடுவார்.

இதற்கு நேரெதிரான ஒரு படம் இருக்கிறது. 1965ல் வெளியான அமெரிக்கக் கல்விப்படம், ‘உளச்சிகிச்சைக்கு மூன்று அணுகுமுறைகள்’. எவரெட் ஷோஸ்ட்ராம் தயாரித்தது. விவாகரத்தான இளம் தாய் குளோரியா, கார்ல் ரோஜர்ஸ், ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் என மூன்று பேரையும் முதன்முறையாக, ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்கிறார். இதைப் பலரும் மூன்று மேதைகளுக்கு நடுவே நடந்த போட்டியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. டாக்டர்களை விட்டுவிட்டு குளோரியாவைக் கவனித்தால்தான் படம் எதையோ சொல்கிறது.

ரோஜர்ஸிடம் அவர் நேராகவே கேட்கிறார்: ஆண்களோடு தனக்குள்ள உறவு பற்றி மகள் கேட்டபோது பொய் சொல்லிவிட்டேன், உண்மையைச் சொன்னால் அவள் பாதிக்கப்படுவாளா? ரோஜர்ஸ் பதில் சொல்வதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியோடு கூடவே நடக்கிறார், அவ்வளவுதான். பேசப் பேச குளோரியாவின் குரல் தணிகிறது. அடுத்து பெர்ல்ஸ். பயமா இருக்குன்னு சொல்லிக்கொண்டே சிரிக்கிறீர்களே என்று குத்திக்காட்டுகிறார். குளோரியாவுக்குக் கோபம் வருகிறது, சண்டை போடுகிறார். எல்லிஸோ குளோரியாவைவிட அதிகமாகப் பேசி, கடைசியில் வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்புகிறார். ஒரே பெண், மூன்று அறைகளில் மூன்று ஆள்.

ஆக, ஒரு தெரபிஸ்டிடம் சரிப்படவில்லை என்றால் அவரோடு சரிப்படவில்லை என்றுதான் அர்த்தம். தெரபியே சரிப்படாது என்று அர்த்தம் இல்லை.

முதல் சந்திப்பில் எப்படித் தீர்மானிப்பது? இங்கேதான் படம் நம்மை ஏமாற்றுகிறது. கடைசியில், தொடர்ந்து போவதென்றால் பெர்ல்ஸிடம் போவேன் என்கிறார் குளோரியா. ஆனால் பின்னாளில் வருடக்கணக்கில் அவர் தொடர்பு வைத்திருந்தது ரோஜர்ஸோடு. அன்றைக்கு மனசு சொன்னது ஒன்று, காலம் சொன்னது இன்னொன்று. 1979ல் எட்வர்ட் போர்டின் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் உதவும். நல்ல சிகிச்சை உறவுக்கு அவர் மூன்று அம்சங்கள் சொன்னார்: எதற்காக வருகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒட்டுதல். நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் பார்த்து, ‘ஆள் பாசமா பேசினாங்க’ன்னு முடிவெடுக்கிறோம். முதல் இரண்டையும் வாய்விட்டே கேட்கலாம். ‘என் பிரச்சினையை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிறீங்க? அடுத்த சில வாரம் என்ன செய்வோம்?’ இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மூன்று நாலு தடவை போன பிறகும் பதில் தெளிவாக இல்லையென்றால் மாற்றலாம்.

இன்னொரு பெரிய குறையும் உண்டு. குளோரியா மூன்று பேரிடமும் தன் மொழியிலேயே பேசுகிறார். அவர் ஊர் வழக்கம் அவர்களுக்கும் தெரியும். ஸ்கார்பரோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழர்களுக்கு அந்த வசதி இல்லை. அப்பாவிடம் ஏன் அப்படிச் சொல்ல முடியாது, தங்கை கல்யாணத்துக்கும் என் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்குவதிலேயே நேரம் போய்விடும். சரி, தமிழ் தெரபிஸ்டே பார்க்கலாம் என்றால், நம்ம ஆட்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. ரகசியம் எப்படிக் காக்கப்படும் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

ஆன்லைனில் சென்னையிலிருந்து ஒருவரைப் பிடிக்கலாமா? இங்கே சட்டம் குறுக்கே வரும். உதாரணமாக அமெரிக்காவில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் தெரபிஸ்டுக்கு உரிமம் இருக்க வேண்டும் என்பதே பொது விதி. அவசரம் என்றால் உங்கள் ஊரில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இருந்தால் ஜிபி கடிதம் இல்லாமலே என்.எச்.எஸ். பேச்சு சிகிச்சைக்கு நீங்களே பதிவு செய்யலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இந்தத் தேர்வெல்லாம் அப்புறம். முதலில் அந்தந்த நாட்டின் அவசர எண்.

படத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. மாணவர்களுக்காக எடுத்த இந்தப் படத்தில் குளோரியா தன் அந்தரங்கத்தைச் சொன்னார். இன்று யூடியூபில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கிறார்கள், நானும்தான். நிஜ தெரபியில் நடக்கக்கூடாதது அது. அந்த உறுத்தலோடுதான் இதைப் பரிந்துரைக்கிறேன். பார்ப்பதென்றால் ரோஜர்ஸ் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் எப்போது பதில் சொல்வார் என்று காத்திருக்காமல், குளோரியா தனக்கான பதிலை எந்த இடத்தில் தானே சொல்லத் தொடங்குகிறார் என்று பாருங்கள்.