செங்குட்டுவன் சினம்

சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களுள் வகுப்பறையில் மிகவும் விரைந்து கடக்கப்படுவது வஞ்சிக் காண்டம். கண்ணகி வழக்குரைத்தாள், மதுரை எரிந்தது என்பதோடு கதை முடிந்துவிட்டதாகவே மாணவர் பலர் எண்ணுகின்றனர். எஞ்சிய பகுதியிலிருந்து அவர்கள் நெஞ்சில் நிற்பது ஒரே ஒரு காட்சிதான்: கனகன், விசயன் என்னும் வடவேந்தர் இருவர் முடித்தலையில் கல் சுமந்து வருகின்றனர். மேடைப் பேச்சாளர்க்கும் இக்காட்சி போதும், கைதட்டலுக்குக் குறைவிராது. இளங்கோவடிகள் அக்காட்சியோடு நூலை நிறுத்தினாரல்லர். அதற்கு முன்னும் பின்னும் அவர் வைத்துள்ளவற்றைச் சேர்த்து நோக்கினால், ஒரு மன்னனின் சினம் பிறந்து, வளர்ந்து, தணிந்த வரலாறாக அக்காண்டம் முழுவதும் விளங்கும்.

அச்சினம் பிறந்த இடத்தை முதலில் காண்போம். கண்ணகிக்குக் கல் எடுப்பது வழிபாட்டுச் செயல். நம் நாடு அடைந்த பத்தினிக் கடவுளைப் போற்றல் வேண்டும் என்று கோப்பெருந்தேவி சொன்ன சொல்லில் அது தொடங்குகிறது. பொதியிற் கல்லும் ஆகும், இமயக் கல்லும் ஆகும் என்றே அமைச்சர் கூறுகின்றனர். இமயத்தைத் தேர்ந்தவன் மன்னன். இதற்கிடையே இமயத்துத் தாபதர் வழியாக ஒரு செய்தி அவன் செவிக்கு எட்டியிருந்தது. தமிழ் வேந்தர் இமயத்தில் வில், புலி, கயல் பொறித்த காலத்தில் தம்மைப் போன்ற முடிமன்னர் அங்கு இருந்திலர் போலும் என்று வடவேந்தர் தமக்குள் பேசிக்கொண்டனர் என்பதே செய்தி. யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்ன சொல்லன்று. அவன் பெயரும் அதில் இல்லை. ஆயினும் செங்குட்டுவன் அவையில் வஞ்சினம் மொழிகிறான். அப்போது ஆசான் எழுந்து, அவர்கள் நின்னை இகழ்ந்தவரல்லர், சினம் அமைக என்கிறான். இதற்கு மன்னன் விடை கூறியதாக நூலில் இல்லை. அடுத்த சொல் கணியனுடையது. படையெடுப்புக்கு உரிய முழுத்தம் இதுவே என்கிறான் அவன்.

ஆசானின் சொல் ஏன் பயன்படாமற் போயிற்று என்பதே ஆராயத்தக்கது. நின்னை இகழ்ந்தாரல்லர் என்பது ஒரு தனிமனிதனுக்குச் சொல்லும் ஆறுதல். செங்குட்டுவனோ அவ்வேளையில் தனிமனிதனாக நிற்கவில்லை. வில்லோடு புலியும் கயலும் இகழப்பட்டபோது, 'நான்' என்னும் சொல் அவனளவில் 'நாம்' ஆகிவிட்டது. எலியட் ஸ்மித் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1993-இல் இதனை ஒரு கொள்கையாகவே வகுத்தார். ஒருவன் தன்னை ஒரு குழுவின் உறுப்பாக உணரும்போது, அக்குழுவுக்கு நேர்ந்தது தன் உடம்பைத் தீண்டாவிடினும் அவனுக்குச் சினமோ பெருமிதமோ உண்டாகும் என்பது அவர் கருத்து. தமிழாசிரியர்க்கு இது வியப்பளிக்காது. வெகுளி பிறக்கும் நிலைக்களன் நான்கு என எண்ணிய தொல்காப்பியர், உறுப்பறை, அலை, கொலை ஆகியவற்றோடு குடிகோளையும் வைத்தார். குடிகோள் ஒருவன் மெய்யில் பட்ட தீங்கன்று. அவன் குடியைச் சார்ந்த தீங்கு.

குழுவுணர்வு தோன்றப் பழம்பெருமை வேண்டும் என்பதுமில்லை. ஹென்றி தாஜ்பெல் என்பார் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவரைக் கொண்டு நடத்திய சோதனைகளை 1970-இல் வெளியிட்டார். ஓவியர் இருவருள் யார் படம் பிடித்தது என்பது போன்ற அற்பக் காரணம் காட்டி மாணவர் இரு குழுவாக்கப்பட்டனர். உண்மையில் அப்பிரிவு குலுக்கிப் போட்டது போன்றதே. பிறர்க்குச் சிறு தொகை பகிரச் சொன்னபோது, அவர்கள் தம் குழுவினர்க்கே மிகுதி கொடுத்தனர். அதனினும் வியப்பு, தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் மற்றக் குழுவினும் கூடுதலாக இருந்தால் போதும் என்று பலர் கருதியது. பள்ளி விளையாட்டுத் திடலில் நீல இல்லம், சிவப்பு இல்லம் என்று பிரித்துவிட்ட பத்தாம் நாள் நிகழ்வதைக் கண்ட ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தம் பயனினும் பிறர் தாழ்வே பெரிதாகும் இந்நிலையைத்தான் சஞ்சயன் வரும் இடத்தில் காண்கிறோம். நீலகிரியில் பாசறை அமைத்திருந்த சேரனிடம் நூற்றுவர் கன்னரின் தூதனாக அவன் வருகிறான். கடவுள் எழுதக் கல்தான் வேண்டுமெனின், இமயக் கல்லைக் கொணர்ந்து கங்கையில் நீர்ப்படுத்தித் தாமே தருவதாக அவர்கள் கூறுகின்றனர். கருதிய செயல் குருதியின்றி முடியும் வாயில் இது. செங்குட்டுவன் ஏற்கவில்லை. பாலகுமரன் மக்கள் நாவைக் காவாமல் தமிழாற்றலை இகழ்ந்தனர், அதற்கே இப்படை செல்கிறது என்று கூறி, கங்கையைக் கடக்க ஓடங்கள் அமைக்கச் சொல்லி அனுப்புகிறான். வழிபாடு பின்னே போய்விட்டது. இகழ்ச்சியே முன்னே நிற்கிறது. எதிர்ப்பக்கமும் இதே நிலைதான். தென்தமிழ் ஆற்றலைக் காண்போம் என்று வடதிசை மன்னர் பலர் கனக விசயரோடு சேர்கின்றனர். பதினெட்டு நாழிகையில் போர் முடிந்துவிடுகிறது. மன்னன் வஞ்சியை விட்டு நீங்கியிருந்த காலமோ 32 திங்கள்.

இவ்விடத்து இளங்கோவடிகள் சில அடிகளில் சொல்லிச் செல்லும் மற்றொரு செய்தியை நம்மவர் பெரும்பாலும் நின்று நோக்குவதில்லை. பொற்கொல்லன் ஒருவன் பொய் சொன்னான். அதனால் கோவலன் இறந்தான். தவறு தெளிந்த அக்கணமே பாண்டியன் நெடுஞ்செழியன் பழியைத் தன்மேல் ஏற்று உயிர் நீத்தான். கொல்லன்மேலும் காவலர்மேலும் அவன் பழி சுமத்தவில்லை. அவனுக்குப் பின் வந்த வெற்றிவேற் செழியனோ ஒரே பகலில் பொற்கொல்லர் ஆயிரவரைப் பத்தினிக்குப் பலியிட்டான். அந்த ஆயிரவர் செய்த குற்றம் என்ன? ஒருவன் செய்த தொழிலையே தாமும் செய்தது. பாண்டிநாடு மழையின்றி வறுமையுற்று நோயும் தொடர்ந்த காலம் அது என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. தன் வாழ்வு தன் கையில் இல்லை என்னும் அச்சம் மிகும்போது மனிதர் தம் குழுவை இறுகப் பற்றுவர் என்றும், பிறர்மேல் காய்வர் என்றும் அண்மைக்கால உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. மழையை ஆளமாட்டாத மன்னன் கொல்லரை ஆண்டான். பலிக்குப் பின் மழை பெய்தது என்றும் அக்கட்டுரை சொல்கிறது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் தன்னைத் தண்டித்துக்கொண்ட பாண்டியனையும் ஆயிரவரைத் தண்டித்த பாண்டியனையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்த புலவர், இருவரையும் ஒப்பக் கருதினார் என்று கொள்வது அரிது.

இனி நடுகற் காதை. சிறைப்பட்ட வேந்தரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டிவர நீலன் சென்றான். யாருக்காகப் போர் நிகழ்ந்ததோ அவர்களே அதனை மதிக்கவில்லை. தவக்கோலம் பூண்டு ஓடியவரைப் பற்றிக் கொணர்ந்தது வெற்றியாகுமோ என்ற பொருள்படப் பேசுகின்றனர். கேட்ட செங்குட்டுவன் கண் சிவந்து நகைக்கிறான். நேற்றுவரை 'நாம்' என்றிருந்தது ஒரு சொல்லில் மூன்றாகப் பிளந்துவிட்டது. அடுத்து தெற்கே ஒரு போர் மூளலாம் என்னும் நிலை.

அப்போது மாடலன் பேசுகிறான். அவன் பேச்சை ஆசானின் பேச்சோடு ஒப்பிட்டுப் படித்தல் நலம். மன்னனின் முன்னோர் ஆற்றிய அருஞ்செயல்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவர்களும் நிலைத்திலர் என்கிறான். செல்வம் நில்லாமையைத் தோற்ற வேந்தரிடமே நீ கண்டாய் என்கிறான். இளமை நில்லாமைக்கு மன்னனின் நரையையே காட்டுகிறான். ஐம்பது ஆண்டு ஆண்டபின்னும் மறக்களத்தையே நாடுகின்றாய் என்று இடித்துரைக்கிறான். ஜேம்ஸ் கிராஸ் என்னும் உளவியலார் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. எழுந்த உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினோர்க்கு உள்ளுணர்ச்சி குறையவில்லை, உடலின் கிளர்ச்சியும் மிகுந்தது; காண்பதை வேறு நோக்கில் கருதிப் பார்த்தவர்க்கோ உணர்ச்சியே குறைந்தது. ஆசான் சினத்தை அடக்கச் சொன்னான். மாடலன் மன்னனின் நோக்கை மாற்றினான். இகழ்ந்தவரைப் பற்றிக் கொண்டிருந்த கண்ணை மன்னன்மேலேயே திருப்பினான். அவன் காட்டிய வேள்வி நெறியில் இன்று பலர்க்கு உடன்பாடு இராது. அது வேறு வழக்கு. அதன்பின் நடந்தவை மறுக்க இயலாதவை. ஆரிய மன்னரைச் சிறையினின்று நீக்கி வேளாவிக்கோ மாளிகையில் இருத்துமாறும், வேள்வி முடிந்தபின் அவர்தம் நாட்டுக்கே செலுத்துமாறும், நாடெங்கும் சிறைக்கோட்டம் திறந்து வரியை விடுமாறும் செங்குட்டுவன் ஆணையிடுகிறான். கனக விசயர் கல் சுமந்ததைச் சொல்லும் ஆசிரியர் இவ்வாணையையும் அதே வகுப்பில், அதே மணி நேரத்தில் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் மாணவர் பெறுவது இளங்கோவடிகளின் காப்பியமாகாது. செங்குட்டுவனின் வஞ்சினம் மட்டுமே.

வாழ்த்துக் காதையில் இன்னொரு குரலும் உண்டு. காவற்பெண்டும் அடித்தோழியும் தேவந்தியும் மாதரி மகள் ஐயையும் கோட்டத்தில் நின்று அரற்றுகின்றனர். செங்குட்டுவன் கண்முன் விண்ணில் கண்ணகி தோன்றுகிறாள். அவள் பெயரால் ஒரு போர் நடந்து முடிந்திருந்தது. ஆயிரம் கொல்லர் மாண்டிருந்தனர். தன் கணவனைக் கொல்வித்த பாண்டியனைத் தீதற்றவன் என்று அவள் சொல்கிறாள். தன்னை அவன் மகள் என்கிறாள். பின்னர், முருகன் குன்றில் தன்னோடு விளையாட வருமாறு தோழியரை அழைக்கிறாள்.