புயல் ஓவியமும் உரிப்பொருளும்

ஓவியனுக்கு எளிதாகத் தோன்றி அரிதாக முடியும் பொருள்களுள் புயல் ஒன்று. கரிய வண்ணத்தைக் குழைத்து வானத்தில் அப்பி, தென்னைகளை ஒருபுறம் சாய்த்து, நடுவே ஒரு மின்னற் கோட்டை இழுத்துவிட்டால் புயல் வந்துவிட்டது என்று கருதுவோர் பலர். அத்தகைய படத்தின் முன் நிற்பவர் ஒரு நொடி வியப்பர். மறு நொடி அடுத்த படத்துக்கு நகர்வர். வேறு சில ஓவியங்களின் முன்போ கால்கள் நகர மறுக்கின்றன. இரண்டிலும் இருப்பது இருண்ட வானமே. அங்ஙனமாயின் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

மேனாட்டு ஓவிய நூல்கள் ஒளி, நிழல், அமைப்பு என்னும் சொற்களால் இதற்கு விடை கூறும். தமிழாசிரியர் கையில் அவற்றினும் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் பிறவும் கரு. மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரி. இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன. தலைமை உடையது உரியே. முதலும் கருவும் இன்றி உரி மட்டும் கொண்டு பாட்டு நிற்கும். உரி இன்றி நில்லாது. கார்முகிலும் காற்றும் மின்னலும் பொழுதைச் சேர்ந்தவை. எனவே முதற்பொருளின் பாற்பட்டவை. இருண்ட வானத்தைத் தீட்டியவன் முதலைத் தீட்டினான் என்பது உறுதி. உரியைத் தீட்டினானா என்பதே அவன் ஓவியத்தை அளக்கும் கேள்வி.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி வேண்டும். இன்று புயல் என்றால் பெருங்காற்று. பழந்தமிழில் அச்சொல் மேகத்தையும் மழைநீரையும் குறித்தது. வீசுவதை அன்று, சூல்கொண்டு நிற்பதையே பழந்தமிழர் அப்பெயரால் அழைத்தனர். புயல் ஓவியம் என்பதை அவ்விரிந்த பொருளிலேயே, மழை சுமந்த வானத்தையும் உள்ளடக்கிக் கொள்ளுதல் தகும்.

உரி தனித்தும் முதல் தனித்தும்

உரி மட்டும் கொண்டு புயலைக் காட்ட இயலுமா? இயலும் என்பதற்கு மாமல்லபுரத்துப் பாறையே சான்று. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் அங்கே கண்ணன் கோவர்த்தன மலையைத் தாங்கும் காட்சியைச் செதுக்கினர். கதையின்படி இந்திரன் ஏவிய பெருமழை ஊரையே அழிக்க வந்தது. பாறையிலோ ஒரு துளி மழை இல்லை. ஒரு முகிலும் இல்லை. உயர்த்திய கையின் காவலில் ஆயன் ஒருவன் அமர்ந்து பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்குகிறது. அஞ்சி ஓடுவதற்குரிய வேளையில் அன்றாட வேலை தடையின்றி நடப்பதே மழையின் கொடுமையையும் காவலின் வலிமையையும் ஒருங்கே உணர்த்திவிடுகிறது. இது சிற்பமே, ஓவியம் அன்று. எனினும் வானத்தைக் காட்டாமலே புயலை உணர்த்திய கலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

இதற்கு நேர்மாறானவன் இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள். 1821, 1822ஆம் ஆண்டுகளில் இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் குன்றில் அமர்ந்து வானத்தை மட்டுமே அவன் தீட்டினான். பலவற்றில் மரம் இல்லை, மனை இல்லை, மாந்தர் இல்லை. பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை முதலியவற்றைக் குறித்தும் வைத்தான். லூக் ஹோவார்டு என்பார் 1802இல் முகில்களை வகைப்படுத்திப் பெயரிட்டிருந்த காலம் அது. அறிவியலும் ஓவியமும் ஒரே வானத்தை அண்ணாந்து நோக்கின. ஆயினும் இவை தனி முதற்பொருளே. நிலக்காட்சி ஓவியத்தில் உணர்ச்சிக்குத் தலையாய இருப்பிடம் வானமே என்று அவனே தன் நண்பருக்கு எழுதினான். வானம் உணர்ச்சிக்கு இருப்பிடம் என்பது அவன் கொள்கை. உணர்ச்சி அதனினும் வேறான ஒன்று என்பது அக்கொள்கையிலேயே அடங்கியிருக்கிறது. அம்முகிற் படங்களை அவன் பயிற்சியாகக் கொண்டு, அங்கே கற்றதைப் பேரோவியங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

இரண்டும் இயைந்த இடம்

இமயமலைச் சாரற் சிற்றரசுகளில், பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் தீட்டப்பெற்ற அபிசாரிகை ஓவியங்களை நோக்குக. நள்ளிரவில் தலைவி ஒருத்தி காதலனை நாடித் தனியே செல்கிறாள். முகில் கறுத்திருக்கிறது; மின்னல் பொன்வண்ணக் கோடாக நெளிகிறது; காலடியில் பாம்புகள் ஊர்கின்றன; கழன்ற சிலம்பு நிலத்திற் கிடக்கிறது. மின்னலின் நெளிவும் பாம்பின் நெளிவும் ஒன்றுபோலவே அமைந்து, வானத்து அச்சமும் மண்ணின் அச்சமும் அவளை இருபுறமும் நெருக்குகின்றன. அவளோ நடையை நிறுத்தவில்லை. இங்கே புயல் அவள் துணிவை அளக்கும் கோல். வானம் வெளுத்திருப்பின் அவள் துணிவு தெரியாது. அவள் இல்லையேல் வானம் வெறும் கருமை.

வெனிசு நகரில் உள்ள ஜார்ஜோனேயின் புயல் ஓவியம் பதினாறாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தீட்டப்பெற்றது. தொலைவில் ஊரின் மேல் மின்னல் வெட்டுகிறது. முன்னே ஒருபுறம் ஓர் ஆண் நிற்கிறான். மறுபுறம் ஒரு பெண் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். இவர்கள் யாவர் என்று அறிஞர் இன்றளவும் வாதிடுகின்றனர். அவ்வாண் நிற்கும் இடத்தில் முதலில் நீராடும் பெண்ணொருத்தியைத் தீட்டிப் பின்னர் மாற்றினான் ஓவியன் என்பதை எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது. மாந்தரை மாற்றியபோதும் மாறாது நின்றது, இடி விழுவதற்கு முந்தைய அந்த ஊமை அமைதி. கதை தெரியாதபோதும் காண்பவர் உள்ளம் கலங்குவது அதனாலேயே.

டர்னர் 1842இல் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியம் இவ்வளவுகோலுக்கே ஒரு சோதனை. துறைமுகத்து வாயிலில் நீராவிக் கப்பல் ஒன்று சுழலும் நீரிலும் காற்றிலும் சிக்கியிருக்கிறது. தலைவனும் இல்லை, தலைவியும் இல்லை. நுரையும் சுண்ணாம்பும் என்று அக்காலத்தார் எள்ளினர். அங்ஙனமாயின் இதில் உரி எங்கே? படத்தில் நிலைத்த தரை எங்கும் இல்லை என்பதைக் கண்டால் விடை கிட்டும். காண்பவன் நிற்பதற்குக் கரை தரப்படவில்லை. அவனும் அச்சுழலுக்குள் தள்ளப்படுகிறான். இவ்வோவியத்தின் மாந்தன் காண்பவனே. உரி அவன் நெஞ்சில் நிகழ்கிறது.

சப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட பாலத்து மழை அச்சோவியத்தில் இத்தகைய ஆரவாரம் இல்லை. மேலே ஒரு பட்டைக் கருமை. அதிலிருந்து இறங்கும் மெல்லிய சாய்கோடுகள். பாலத்தின்மேல் குடைக்குள் குனிந்து விரையும் சிலர். ஆற்றில் தெப்பம் தள்ளும் ஒருவன். எவர் முகமும் தெளிவாகத் தெரியவில்லை. ஆயினும் ஒவ்வொரு முதுகின் வளைவும் பேசுகிறது. 1887இல் வான் கோ இதனைத் தைல வண்ணத்தில் படியெடுத்தது, தொலைநாட்டான் ஒருவனுக்கும் அம்முதுகுகளின் மொழி விளங்கியதற்குச் சான்று.

மலாயாவின் வெளுத்த வானம்

இவ்வளவுகோலுடன் இந்நாட்டு ஓவியங்களை அணுகினால் வியப்பொன்று காத்திருக்கிறது. கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் உலகில் இடி மிகுந்த வட்டாரங்களுள் அடங்கும். ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் இங்கு இடி முழங்குகிறது. ஆயினும் இந்நாட்டு நிலக்காட்சி ஓவியத்தின் முன்னோடிகளான பினாங்கு நீர்வண்ண ஓவியர்களின் வானம் பெரும்பாலும் அமைதி கொண்டது. 1896இல் பிறந்த யோங் முன் சென், 1904இல் பிறந்த அப்துல்லா அரிப் ஆகிய இருவரும் 1962இல் மறைந்தனர். தென்னஞ்சோலை, மீன்படகு, ஈயச் சுரங்கம் என நிலமும் கருவும் அவர்கள் தூரிகையில் செழித்தன. பொழுது மட்டும் என்றும் வெளுத்த காலையாகவே நின்றது.

காரணம் அறிதல் கடினமன்று. வெளியில் அமர்ந்து தாளில் வரைபவனை மழையே முதலில் விரட்டும். வீட்டுச் சுவரில் மாட்டப் படம் வாங்குவோர் இனிய காட்சியையே விரும்புவர். ஆயினும் இதில் ஒரு முரண் உண்டு. ஈரத் தாளில் வண்ணத்தை ஓடவிட்டுப் பரவச் செய்யும் நீர்வண்ண முறை கார்முகிலுக்கென்றே அமைந்தது போன்றது. மழைக்கு ஏற்ற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலைப் பாடினர் அம்முன்னோடிகள். அவர்கள் திறம் பெரிது. அவர்கள் கண்ட நாளோ பாதி நாள்.

அடுத்த தலைமுறை புயலைக் கண்டது. 1958இல் கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் நிறுவப்பெற்றது. அதற்கு மறு ஆண்டில் சையத் அகமது ஜமால் தீட்டிய ஓவியம் ஒன்றின் பெயர் ‘ஆங்கின் டிங்கின்’. குளிர்காற்று என்பது அதன் பொருள். கவிஞரும் ஓவியருமான லத்தீப் மொகிதின் 1980களில் ‘கெலொம்பாங்’, அதாவது அலை, என்னும் வரிசையைத் தீட்டினார். இவர்களிடம் காற்றும் அலையும் தூரிகையின் வீச்சாகவே மாறிவிட்டன. உரி வலுப்பெற்றது, அதற்கு ஈடாக, பெயர் சொல்லத்தக்க நிலம் மறைந்தது. முன்னோரிடம் நிலம் இருந்தது, புயல் இல்லை. பின்னோரிடம் புயல் இருந்தது, ஊர் இல்லை. இரண்டையும் இணைக்கும் பாலமே இந்நாட்டு ஓவியத்துக்கு வேண்டுவது.

மாலையும் வைகறையும்

அப்பாலத்துக்குத் தமிழிலக்கணம் ஒரு தூணை நாட்ட வல்லது. தமிழகத்தில் கார் என்பது ஆவணி, புரட்டாசித் திங்கள்களுக்குரிய பெரும்பொழுது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்கு அத்தகைய எல்லை இல்லை. ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மிகுந்து, பிற திங்கள்களிலும் பெய்கிறது. இங்கே மழை நாளின் ஒரு பகுதியைப் பற்றி நிற்கிறது. காலையில் வெயில், நண்பகலுக்குப் பின் முகில் அடுக்கடுக்காய் எழும், மாலையில் இடியுடன் கொட்டும். எனவே இங்கு மழை ஒரு சிறுபொழுது எனலாம். முல்லைக்குரிய சிறுபொழுதும் மாலையே. அதன் உரி இருத்தல், அஃதாவது காத்திருத்தல்.

பிரிக்பீல்ட்ஸ் வீதியின் மாலை மழையை இக்கண்கொண்டு காண்க. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின், நகரைச் செங்கல்லால் கட்டுவதற்குச் சூளைகள் எழுந்த இடம் அது. ஊரின் பெயரிலேயே அவ்வழிவின் நினைவு உறைகிறது. இன்று அங்கே மழை கொட்டும்போது, கடைமுன் அஞ்சடியில் மாலைகட்டும் பெண்ணும், அலுவல் முடிந்தவரும், பள்ளிப் பையைத் தலைமேல் ஏந்திய சிறுவனும் ஒருங்கே வானை நோக்கி நிற்பர். அவ்விருத்தலே தீட்டத்தக்க உரி.

கிள்ளான் கரையில் பொழுது வேறு. ‘சுமத்ரா’ எனப் பெயர் பெற்ற சூறை, ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் வைகறையிலும் விடியலிலும் கரையைத் தாக்கும். படகு கடலில், மனையாள் கரையில். இது நெய்தலின் இரங்கல். வைகறை மருதத்துக்குரியதாயினும், பொழுது மயங்குதலை இலக்கணம் விலக்கவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்கள் நீரில் மூழ்கியபோது மக்கள் கூரையின்மேல் ஏறிப் படகுக்குக் காத்திருந்தனர். இருத்தலே இரங்கலாகிய அந்நாட்களின் வானத்தை எத்தனை சிறார் பார்த்திருப்பர்!

அச்சிறாரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், இரண்டு மலையும், இடையே சிரிக்கும் கதிரவனும், நான்கு பறவையும் எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. அது பிள்ளைகள் கண்ட வானமன்று. கையிலிருந்து கைக்கு மாறி வந்த வானம். அதே வகுப்பில் மறுநாள் முல்லைத்திணை பாடமாகிறது. காரும் மாலையும் இருத்தலும் மனப்பாடப் பட்டியலாகின்றன. சன்னலுக்கு வெளியே அம்மூன்றும் ஒருங்கே நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. ஓவியப் பாடமும் இலக்கணப் பாடமும் அச்சன்னலருகே ஒருமுறை சந்திக்குமாயின், திணை பட்டியலினின்று விடுபட்டுப் பார்வையாகும். கறுத்துவரும் வானத்தைக் காட்டி, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று ஆசிரியர் கேட்கும் ஒரு வினா அதற்குப் போதும்.