மெழுகாத திண்ணை

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கான்கிரீட் கட்டடத்தின் முகப்பில் பிளாஸ்டிக் கீற்று வேய்ந்த 'கிராமத்து' உணவகங்களைப் பார்க்கிறேன். வாசலில் திண்ணை, உரல், அம்மி. குடிசையின் முகத்தை எடுத்துக்கொண்ட வடிவமைப்பு, அதிலிருந்த உழைப்பைக் கழற்றிவிட்டது. கீற்று முடைந்தவர்கள், சாணமிட்டு மெழுகியவர்கள், புகையில் கண்ணெரிய அடுப்பூதியவர்கள் பெண்கள்.

குடிசையில்லாத் தமிழ்நாட்டுக்காக 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024இல் அரசு அறிவித்தது. வாழ்ந்தவர்களுக்கு அவமானமாக இருந்த குடிசை, கடை வாசலில் எப்படி அழகாகிறது? ஒழுகாது, மாற்றி வேய வேண்டாம், யாரும் மெழுக வேண்டாம் என்பதால்.

இந்த ஏக்கம் அம்மியில் அரைத்த தோள்களுடையதல்ல, அரைத்ததை உண்டவர்களுடையது. அந்த முகப்பைப் பார்க்கும்போது, பின்கட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் கூலி என்ன என்றும் கேளுங்கள்.