அகன்ற வில்லையும் குறுகிய லயமும்

தெருக்காட்சிகளை நிழற்படமாக்குவோருள் ஒருசாரார் மிகை அகல்கோண வில்லையைப் பெரிதும் போற்றுவர். 35 மில்லிமீற்றர்ச் சட்ட அளவுடைய கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 47 பாகையையே காணும். 20 மில்லிமீற்றர் வில்லையோ 94 பாகையைத் தன்னுள் அடக்கும். உள்ளதை முழுமையாகக் காட்டுதற்கு இதனிற் சிறந்த கருவி இல்லை என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு எத்துணைப் பொருந்தும் என்பதைச் சப்பிரகமுவ மாகாணத்து இரு காட்சிகளைக் கொண்டு ஆராய்தல் தகும்.

முதலாவது, இரத்தினபுரித் தெருவில் நிகழும் மாணிக்க வணிகம். உள்ளங்கையில் ஒரு கல். அதன்மேற் குனிந்த தலைகள். அப்பால் கடைகளும் கூட்டமும். இரண்டடித் தொலைவில் நின்று எடுப்பின், இவ்வில்லை கையைப் பெரிதாக்கித் தெருவையும் உடன் காட்டும். கல்லுக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பு ஒரே படத்தில் விளங்கும். ஒளிந்து நின்று எடுத்தற்கு இடந்தராமையும் இதன் நன்மையே. எடுப்பவன் எடுக்கப்படுவோர் முன் வந்து நிற்றல் வேண்டும்.

இரண்டாவது, தோட்டத்து லயம். பழைய லயத்தின் ஓர் அறை பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. வாயிலில் நின்று இவ்வில்லையால் எடுப்பின், பின்சுவரும் பக்கச் சுவர்களும் ஒருங்கே அடங்கும். ஆயின் அண்மையிலுள்ளவை பெருத்து, பின்சுவர் சிறுத்து விலகித் தோன்றுதலால், பாயும் பெட்டியும் நெருங்கிக் கிடக்கும் அறை மண்டபமாகிவிடும். ஓரத்தில் அமர்ந்த மூதாட்டியின் முகமும் பக்கவாட்டில் இழுபட்டுச் சிதையும். காணியும் வீடும் வேண்டி நெடுங்காலம் குரலெழுப்பிய மக்களின் இடநெருக்கடியை உணர்த்த எடுத்த படமே, நெருக்கடி இல்லை என்று சான்று கூறுமாயின், அதனினும் பெரிய பிழை யாது?

அதே வாயிலில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தின், பின்சுவரில் 9 அடிக்கும் குறைவான பகுதியே தெரியும். சுவர் படம் முழுவதையும் அடைத்து நிற்கும். காட்டப்படுவது குறைவு, உணர்த்தப்படுவது மிகுதி.

ஜூலியா மார்கரெட் கமரன் 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1879இல் மறையும்வரை இங்கு வாழ்ந்தவர். அவர் எடுத்த தொழிலாளர் படங்கள் பலவற்றில் முகம் உண்டு, பெயர் இல்லை. அண்மை என்பது அடிக்கணக்கு மட்டும் அன்று என்பதற்கு அவை சான்றாகும். வில்லையின் அகலம் கருவியின் இயல்பு. அதனை எங்கே விரிப்பது, எங்கே சுருக்குவது என்று துணிதல் மனத்தின் கடமை.